அக்காவின் குடலில் வளர்ந்தது

ஐம்பதுகளில் செங்கல்பட்டுத் தாலுகா அலுவலகத்தில் ஒரு மனிதன் சாவதற்கு அனுமதிக்கப்பட்ட காரணங்கள் மிகக் குறைவு. காலரா, வைசூரி, காய்ச்சல், பேதி, மூச்சுக்கோளாறு, காயம், பிரசவம். இவற்றில் எதிலும் அடங்காமல் செத்துப்போனவர்களுக்குக் கடைசியில் 'இதர' என்று ஒரு கலம் உண்டு. கிராமத்துக் கர்ணங்கள் மாதந்தோறும் அனுப்பும் பிறப்பு இறப்புப் பட்டியல்களைத் தொகுத்து மேலே அனுப்புவது என் மேஜையின் வேலைகளில் ஒன்று. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கரையோரமாகப் போகும் கிராமங்களிலிருந்து சில சமயம் "மூலம் முற்றி" என்றும் "ரத்தம் போய் இளைத்து" என்றும் "கீழ்வயிற்றில் கட்டி" என்றும் எழுதி வரும். எல்லாவற்றையும் பேதிக் கலத்தில் சேர்த்துவிடுவேன். எனக்கு முன் அந்த மேஜையில் இருந்தவர் அப்படித்தான் செய்தார். 'இதர' கலத்தில் ஆள் கூடினால் மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். பேதிக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை.

நான் இண்டர்மீடியட் தேறியவன், ஆங்கிலப் பத்திரிகை படிப்பவன். இருந்தும் குடலில் புற்று வரும் என்பது எனக்குத் தெரியாது. கன்னத்தில் வரும், மார்பில் வரும், பெண்களுக்குக் கருப்பையில் வரும் என்று கேள்விப்பட்டதுண்டு. குடலில் வருவதை நான்தான் மாதாமாதம் பேதி என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

அப்போது வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான், என் மனைவி, என்னைவிட எட்டு வயது மூத்த என் அக்கா. அக்காவுக்குக் கல்யாணமான இரண்டாம் வருஷமே கணவர் போய்விட்டார். மூலையில் உட்காரச் சொன்னவர்களை மதிக்காமல் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து ஆசிரியையானாள். எங்கள் ஊரிலேயே ஒரு பெண்கள் ஆரம்பப் பள்ளியில் நான்காம் வகுப்பு. நாங்கள் முழுச் சைவம். கீரையும் மோரும் வேளை தவறாத சாப்பாடும் உள்ள வீட்டில் நோய் எப்படி வரும் என்று பிற்பாடு உறவுக்காரர்கள் ஆராய்ந்தார்கள். எந்தப் பாவத்தின் பலன் என்பதையும் சேர்த்து ஆராய்ந்தார்கள்.

வீட்டின் பின்கட்டில் எடுப்புக் கக்கூஸ். அதைச் சுத்தம் செய்யக் காலையில் பின்சந்து வழியாக ஒரு பெண் வருவாள். இந்தப் பக்கங்களில் நான் யாருக்கும் பெயர் எழுதவில்லை. மற்றவர்கள் பெயரெல்லாம் எனக்குத் தெரியும். அவள் பெயர் மட்டும் அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. ஏழு வருஷம் வந்தாள்.

ஒரு தை மாதக் காலையில் அவள் வேலையை முடித்துவிட்டுப் போகாமல் பின்கதவைத் தட்டினாள். நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன்.

"நைனா, ஒன்னு சொன்னா கோச்சுக்க மாட்டியே?"

"கூலி முதல் தேதிதான்."

"கூலியா கேட்டேன்? உங்க வூட்ல யாருக்கோ ரத்தம் போவுது. ரெண்டு மூணு மாசமா பாத்துகினு கீறேன்."

என் மனைவி உள்ளேயிருந்து கேட்டுவிட்டாள். "காலங்காத்தால என்ன பேச்சு இது! அதையெல்லாமா பாத்துகிட்டு நிப்பே?"

"வாரிப் போடறவ பாக்காம கண்ணை மூடிகினா வாரறது? மூலம்னா மேலால தெளிச்சாப்பல இருக்கும்மா, செவப்பா. இது கறுத்துப்போயி, சளி கலந்து, உள்ளயே கெடக்குது. எம் மாமியாருக்கு இப்பிடித்தான் போச்சு. ஒரு வருசம் தாங்கல."

கதவைச் சாத்திவிட்டோம். ஆனால் நான் ஒரு விஷயத்தைக் கேட்டுவிட்டு விசாரிக்காமல் விடுகிறவன் அல்ல. அன்று சாயங்காலமே விசாரணை நடத்தினேன். மனைவி தனக்கில்லை என்றாள். எனக்கில்லை என்பது எனக்குத் தெரியும். அக்கா நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள். "உனக்கு ஆபீஸ்ல வேலையே குடுக்கறதில்லையாடா?" என்றாள், தலையைத் தூக்காமல். மூன்று வாக்குமூலம், மூன்றும் மறுப்பு. மேல்நடவடிக்கை தேவையில்லை என்று மனதுக்குள் எழுதி மூடினேன். இப்படி மூடிய கோப்புகளுக்காக ஆபீசில் என்னைப் பாராட்டுவார்கள்.

மூடியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதை ஒப்புக்கொள்ள எனக்குப் பல வருஷமாயிற்று. சொன்னவள் யார் என்பதுதான் அது. அதே வார்த்தையை ஒரு கம்பவுண்டர் சொல்லியிருந்தால் அன்றைக்கே வண்டி கட்டியிருப்பேன்.

ஐந்து வாரம் கழித்து அவள் மறுபடி தட்டினாள். இம்முறை மன்னிப்புக் கேட்கும் பாவனை எதுவும் இல்லை.

"நைனா, பெரியம்மா ஊர்ல இல்லாத மூணு நாளு ஒன்னும் இல்ல. நேத்து ராவு வந்தாங்களா? இன்னிக்குக் காலைல கீது. இனிமே நீயாச்சு உங்க அக்காவாச்சு."

பரீட்சை வேலையாக அக்கா மூன்று நாள் காஞ்சிபுரம் போயிருந்தாள். நான் செய்யத் தவறிய விசாரணையைப் பின்சந்துப் பெண் முறையாகச் செய்து முடித்திருந்தாள்.

அக்கா அன்றைக்கும் மறுத்திருப்பாள். ஆனால் நான் கேட்ட விதம் அவளுக்குப் புரிந்துவிட்டது. பேனாவை மூடி வைத்தாள்.

"ஒன்றரை வருஷமா இருக்குடா. மூலம்தான். கருணைக்கிழங்கு தின்னுகிட்டிருக்கேன், துத்தி இலை வதக்கித் தின்னுகிட்டிருக்கேன். உன்கிட்ட வந்து இதைச் சொல்லச் சொல்றியா?"

அப்போதுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. காலையில் ஒரு தடவை போனவள் மூன்று தடவை போக ஆரம்பித்திருந்தாள். ஒவ்வொரு தடவையும் இன்னும் ஏதோ மிச்சமிருப்பதைப்போல முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பி வருவாள். நாங்கள் அவளுடைய சுத்தத்தைக் கேலி செய்தோம். திருக்கழுக்குன்றம் மலைப்படியை ஒரே மூச்சில் ஏறி, பின்தங்கும் என்னைப் பார்த்துச் சிரிப்பவள், அந்த வருஷம் நான்கு இடத்தில் உட்கார்ந்தாள். வயசாகிறது என்றோம். வயசு நாற்பத்தொன்று. முகம் வெளுத்திருந்தது. பவுடர் போட்டாற்போல இருக்கிறதே என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். உடம்பு வேண்டிய மட்டும் தாக்கீது அனுப்பிக்கொண்டிருந்தது. பெற்றுக்கொள்ளத்தான் ஆளில்லை.

டாக்டரிடம் போனோம். எங்கள் தெருவுக்கு நான்கு தெரு தள்ளி இருந்தவர், நல்ல மனிதர், கைராசிக்காரர் என்று பெயர். அக்காவை நாற்காலியில் உட்காரவைத்து நாக்கைப் பார்த்தார், நாடியைப் பார்த்தார், வயிற்றைப் புடவைக்கு மேலேயே அழுத்திப் பார்த்தார். ரத்தமும் சளியுமா? சீதபேதி. எமட்டின் ஊசி. அதற்கு மேல் ஒரு பெண்ணைப் பரிசோதிப்பது அவருக்கும் சங்கடம், எங்களுக்கும் சங்கடம். இரண்டு பக்க மரியாதையிலும் பத்து வாரம் போயிற்று. ஊசி போட்ட நாட்களில் நெஞ்சு படபடக்கிறது என்று அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். ரத்தம் நிற்கவில்லை.

வைகாசியில், பள்ளிக்கூட விடுமுறையில், எங்கள் ஆபீஸ் தலைமைக் குமாஸ்தா ஒரு யோசனை சொன்னார். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில் மூலத்துக்கு வைத்தியம் செய்யும் குடும்பம் இருக்கிறது, தனக்கு அங்கேதான் குணமாயிற்று, பெண்களை வீட்டுப் பெண்ணே பார்ப்பாள் என்றார். பெண்ணே பார்ப்பாள் என்றதும் அக்கா சம்மதித்தாள்.

மாமல்லபுரம் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து மணலில் முக்கால் மணி நேரம் நடந்தோம். அக்கா இரண்டு தடவை வலைக்குவியல்மேல் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். வைத்தியச்சிக்கு ஐம்பது வயதிருக்கும், வெற்றிலை வாய். அக்காவைக் குடிசைக்குள் அழைத்துப் போய்ப் படலைச் சாத்தினாள். நான் வெளியே நின்றேன். கால் மணி நேரத்துக்குள் அவள் மட்டும் வெளியே வந்து, சீயக்காய் போட்டுக் கையை முழங்கை வரை தேய்த்துக் கழுவினாள்.

"இன்னான்னு சொல்லி இட்டாந்த?"

"மூலம்னு. டாக்டர் சீதபேதின்னாரு."

"டாக்டரு வெரல வெச்சுப் பாத்தாரா?"

"இல்லை."

"அப்பறம் இன்னாத்த பாத்தாரு? மூஞ்சையா?" வெற்றிலையைத் துப்பினாள். "இத பாரு அண்ணாத்த. மூலம் மெத்துனு இருக்கும், அழுத்துனா நழுவும். இது நழுவல. பாறையில ஒட்டுன சிப்பி மாதிரி கெட்டியா கீது. ஓரமெல்லாம் தூக்கிகினு, நடுவுல பள்ளம். வெரல எடுத்தா ரத்தம். இது என் கைக்கு அடங்காது. பட்டணத்துக்கு இட்டுனு போ. நாளைக்கே போ."

"அதுவரைக்கும் மருந்து ஏதாவது..."

"குடுக்க மாட்டேன். குடுத்தா அத தின்னுகினு ஊட்லயே குந்திகினு இருப்பீங்க. உங்கள மாதிரி எத்தினி பேர பாத்திருக்கேன். போ, போ."

தட்சிணை நீட்டினேன். வாங்கவில்லை. வைத்தியம் பார்த்தால்தான் காசு, பார்க்க முடியாததற்கு எதற்கு என்றாள். பிற்பாடு பட்டணத்தில் பெரிய பெரிய டாக்டர்களின் அறிக்கைகளைப் படித்திருக்கிறேன். அவற்றில் அக்காவின் கட்டியைப் பற்றி எழுதியிருந்ததெல்லாம் அந்தச் சிப்பிதான்.

அக்கா புடவையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். வந்த வழியே மணலில் நடந்தோம். அழுவாளோ என்று நான் கடலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

"எனக்கு எத்தனை நாள் லீவு பாக்கி இருக்கும்டா?" என்றாள்.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் எங்களுக்குக் கிடைத்த சர்ஜனுக்கு நேரம் கிடையாது, பொறுமையும் கிடையாது. ஆனால் முதல் வேலையாகக் கையுறை போட்டு விரல் வைத்துப் பார்த்தார். பிறகு குழாய் விட்டுப் பார்த்தார், ஒரு துணுக்கைக் கிள்ளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். ஒரு வாரம் கழித்து எங்களைக் கூப்பிட்டு என்னைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

"உங்கள் அக்காவுக்கு..."

"குடல் என்னுது," என்றாள் அக்கா. "என்கிட்ட சொல்லுங்க."

அவர் அக்காவிடம் இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு மறுபடி என் பக்கம் திரும்பினார். அக்கா மறுபடி அதையே சொன்னாள். மூன்றாவது தடவை நான் எழுந்து ஜன்னலுக்குப் போய்விட்டேன். அதன்பிறகுதான் அவர் ஒழுங்காகப் பேசினார். ஒரு சீட்டின் பின்புறம் படம் போட்டார். அந்தச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அவர் அன்று சொன்னதையும் பிற்காலத்தில் நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

குடல் ஒரு வெறும் குழாய் அல்ல. வாழைத்தண்டு மாதிரி அடுக்கு அடுக்கானது. உட்புறத்து அடுக்கு ஈரமான மெல்லிய தோல். அதில் உள்ள அணுக்கள் சில நாட்களுக்கொரு முறை உதிர்ந்து புதிதாக முளைக்கின்றன. முளைப்பதற்கு உத்தரவு இருப்பதுபோல நிறுத்துவதற்கும் ஓர் உத்தரவு உண்டு. எங்கோ ஓர் இடத்தில் ஓர் அணு நிறுத்தும் உத்தரவை மதிக்காமல் முளைத்துக்கொண்டே போகிறது. அங்கே ஒரு சின்ன மொட்டு கிளம்பும், மழைக்காலத்துக் காளான் மாதிரி. இப்போது அதை பாலிப் என்கிறார்கள். பெரும்பாலான மொட்டுகள் ஆயுள் முழுவதும் மொட்டாகவே இருந்துவிடும். வலி கிடையாது, தொந்தரவு கிடையாது. சில மட்டும் வருஷக்கணக்கில் மெல்ல மெல்லக் குணம் மாறும். அந்த வருஷங்களில் அதைக் கிள்ளி எறிந்தால் கதை முடிந்தது. புற்று என்ற பேச்சுக்கே இடமில்லை.

கிள்ளாமல் விட்டால் மேலே வளர்ந்தது கீழே இறங்க ஆரம்பிக்கும். உள்தோலைத் துளைத்து, அடுத்த அடுக்குக்கு, அங்கிருந்து சதை அடுக்குக்கு. அதன் மேல்பக்கம் புண்ணாகி, மலம் உராயும்போது கசியும். கசிவது கலந்து போவதால் நிறம் கறுத்திருக்கும். தினமும் ஒரு ஸ்பூன் போனால்கூட வருஷத்தில் ஆளை வெளுக்க அது போதும். கட்டி இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதால், மிச்சமிருக்கிறது என்று உடம்பு ஏமாறும். அக்கா மூன்று தடவை போனது அதனால். கடைசி அடுக்கையும் தாண்டிவிட்டால் பக்கத்தில் உள்ள நெறிக்கட்டிகளுக்குப் போகும், ரத்தத்தோடு கல்லீரலுக்குப் போகும். அதற்குப் பிறகு சர்ஜனுக்கு வேலை இல்லை.

"எந்த அடுக்கில் நிற்கிறது என்பதுதான் கேள்வி," என்றார். "வெளியே எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்."

"ஏன் வந்தது?"

"தெரியாதம்மா. உங்கள் தப்பு ஒன்றும் இல்லை."

அதன்பின் அடுத்த விஷயத்தைச் சொன்னார். கட்டி மிகக் கீழே இருக்கிறது. மலக்குடலை ஆசனவாயோடு சேர்த்து எடுத்துவிட்டு, மிச்சக் குடலின் நுனியை இடப்பக்க வயிற்றில் வெளியே கொண்டுவந்து தைக்க வேண்டும். இனி ஆயுள் முழுவதும் அந்த வழியாகத்தான்.

அக்கா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அதோட வாத்தியார் வேலை பாக்க முடியுமா?"

"வெளிநாட்டில் ஆண்கள் வேலைக்குப் போகிறார்கள்."

"பொம்பளைங்க?"

"எனக்குத் தெரியாது."

"சரி. தெரிஞ்சுக்கலாம்."

ஆபரேஷனுக்கு முன் திருப்போரூரிலிருந்து எங்கள் சித்தப்பா வந்தார். முருகன் கோயில் விபூதியும், குடும்பத்தின் சார்பில் ஒரு தீர்மானமும் கொண்டு வந்தார். கத்தி வைக்க வேண்டாம், போகிற உயிர் சுத்தமாகப் போகட்டும் என்பது தீர்மானம்.

"அந்தக் கோலத்துல அடுப்பங்கரைக்கு எப்பிடிம்மா போவே? கோயிலுக்குள்ள எப்பிடிம்மா கால வெப்பே? கொஞ்சம் யோசிச்சுப் பாரு."

"எல்லாரும் வயித்துக்குள்ள வெச்சுகிட்டுத்தானே சித்தப்பா கோயிலுக்குப் போறீங்க? நான் பக்கத்துல வெச்சுகிட்டுப் போறேன். முருகனுக்கு ரெண்டும் ஒன்னுதான்."

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் விபூதியைப் பூசிக்கொண்டேன். ஆபரேஷனுக்கான சம்மத ஃபாரத்தில் கையெழுத்துப் போடும் இடத்தில் நெருங்கிய உறவினர் என்று இருந்தது. அக்கா ஃபாரத்தைப் பிடுங்கித் தன் கையெழுத்தையும் அதற்கு மேலே போட்டாள். அப்படிப் போட இடமில்லை என்று நர்ஸ் சொன்னதற்கு, இப்போது இருக்கிறது பாருங்கள் என்றாள்.

ஐந்து மணி நேரம் ஆயிற்று. ஒரு வாரம்வரை அக்கா பிழைப்பாளா என்பதே தெரியவில்லை. பதினைந்தாம் நாள் சர்ஜன் வந்து, கட்டி சதை அடுக்கு வரை இறங்கி அங்கேயே நிற்கிறது, தாண்டவில்லை, நெறிக்கட்டிகள் சுத்தம் என்றார். "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். ஆனாலும் ஐந்து வருஷம் பார்க்க வேண்டும். ஐந்து வருஷம் கட்டி மறுபடி வரவில்லையென்றால் தைரியமாகச் சொல்லலாம்." நான் மூடிய கோப்பில் ஐந்து வாரம், டாக்டரின் மரியாதையில் பத்து வாரம். கடைசி அடுக்கின் கனம் எவ்வளவு என்று கேட்டேன். நகக்கணு அளவுகூட இல்லை என்றார்.

வீட்டுக்கு வந்த அக்கா தனக்கென்று ஒரு முறை ஏற்படுத்திக்கொண்டாள். விடியற்காலையில் பின்கட்டுக் கக்கூஸில் எனிமா டப்பாவை ஆணியில் மாட்டி, ரப்பர் குழாய் வழியாக வெந்நீர் விட்டு, ஒரு மணி நேரத்தில் குடலைக் காலி செய்துவிடுவாள். பிறகு பஞ்சும் துணியும் வைத்து, தானே தைத்த அகலமான கச்சையைக் கட்டிக்கொண்டால் மறுநாள் காலை வரை கவலையில்லை. வெங்காயமும் மொச்சையும் விட்டாள். ஆரம்பத்தில் தவறுகள் நடந்தன. அழுததும் உண்டு, கதவைச் சாத்திக்கொண்டு. திறந்து வரும்போது முகம் கழுவியிருப்பாள்.

பின்சந்துக்கு வரும் பெண் தினமும் அக்காவுக்குக் கதவுக்கு அப்பாலிருந்தே அறிக்கை கொடுப்பாள். "பெரிம்மா, இன்னிக்கு ஒன்னும் இல்ல. சுத்தமா கீது." பட்டணத்துச் சோதனைகளைவிட அக்கா இதைத்தான் நம்பினாள். நாங்கள் அவளுக்கு ஒரு புடவை எடுத்துக் கொடுத்தோம். அதோடு கடன் தீர்ந்தது என்று நினைத்தோம். அவளை முன்வாசல் வழியாக வரச்சொல்ல எங்களில் யாருக்கும் தோன்றவில்லை, எதையும் எதிர்த்துப் பேசும் அக்காவுக்கும்கூட. இதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

மூன்றாம் மாதம் அக்கா வேலைக்குத் திரும்பப் போனபோது பள்ளியின் மானேஜர் நாற்காலியைக் காட்டவில்லை. விஷயம் ஊருக்குள் பரவியிருந்தது.

"பிள்ளைங்க இருக்கற எடம். வாடை கீடை வந்தா பெத்தவங்க பேஜாரு பண்ணுவாங்க. உடம்பு முடியலன்னு எழுதிக் குடுத்துடுங்க, கௌரவமா அனுப்பி வெச்சுடறேன்."

"வாடை இப்ப வருதா?" என்று அக்கா இரண்டடி முன்னால் போனாள்.

மானேஜர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "அது இல்லம்மா..."

வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னாள். என் வாழ்நாளில் நான் படித்த விதிமுறைகளுக்கெல்லாம் ஒரு பிரயோஜனம் வந்தது அன்றைக்குத்தான். தகுதிச் சான்றிதழோடு வந்த ஆளைச் சேர்த்துக்கொள்ள மறுத்தால், மறுத்ததை எழுத்தில் தர வேண்டும். சான்றிதழில் சந்தேகம் இருந்தால் மருத்துவக் குழுவுக்கு அனுப்பக் கோரலாம். அது முடிவாகும்வரை பணியில் இருப்பதாகவே கருத வேண்டும். இந்த மூன்றையும் மூன்று பத்தியாக எழுதி, பதிவுத்தபாலில் ஒப்புகைச் சீட்டோடு அனுப்பினேன். ஒரு பிரதி கல்வி அதிகாரிக்கு, ஒரு பிரதி எங்களுக்கு. எழுத்தில் கேட்டால் எந்த மானேஜருக்கும் பாதி வீரம் போய்விடும். மிச்சப் பாதிக்கு அவர் மருத்துவக் குழுவைக் கேட்டார்.

குழுவில் மூன்று டாக்டர்கள். பத்து மணிக்கு வரச் சொன்னார்கள். தாழ்வாரத்தில் பெஞ்சு இல்லை. கூப்பிட்டபோது மணி ஒன்று. தலைவர் காகிதத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

"வகுப்பில் தொடர்ந்து நிற்க முடியுமா?"

"பத்து மணியிலிருந்து உங்க வாசல்ல நின்னுகிட்டிருக்கேன். இன்னும் எத்தனை நேரம் நிக்கணும், சொல்லுங்க."

இளையவர் சிரித்துவிட்டார். தலைவர் சிரிக்கவில்லை. ஆனால் 'தகுதியுடையவர்' என்று எழுதினார். திங்கட்கிழமை அக்கா நான்காம் வகுப்பில் இருந்தாள். ஒரு பெண் வயிற்றில் என்ன டீச்சர் என்று கேட்டதாம். அக்கா குடலின் படத்தைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினாள். உணவு மண்டலம் பாடத்திட்டத்தில் இருந்தது, யாராலும் ஆட்சேபிக்க முடியவில்லை.

ஐந்து வருஷமும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டணம் போய் வந்தோம். ஒவ்வொரு தடவையும் முதல் நாள் ராத்திரி நான் தூங்கமாட்டேன், அவள் குறட்டை விடுவாள். ஐம்பத்தொன்பதின் கடைசியில் சர்ஜன் விரலால் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இனி என்னிடம் வர வேண்டாம்" என்றார். அக்கா பையிலிருந்து ஒரு தேங்காயை எடுத்து அவர் மேஜையில் வைத்தாள். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

அதற்கடுத்த மாதம் திருப்போரூரில் சித்தப்பாவின் பேத்திக்குக் கல்யாணம். பெண்கள் பந்தி. என் மனைவி சாம்பார் வாளியோடு போய்க்கொண்டிருந்தாள். அக்கா இலையில் உட்கார்ந்து, இருபக்கமும் இருந்த பெண்களிடம், வரிசையின் கடைசி வரை கேட்கும் வாத்தியார் குரலில் பேசிக்கொண்டிருந்தாள்.

"வெளிக்குப் போனா திரும்பிப் பாக்கறீங்களா? பாக்கணும். ரத்தம் கலந்து போச்சுன்னா மூலம்னு நீங்களே முடிவு கட்டாதீங்க. புதுசா மூணு தடவை, நாலு தடவை போனாலும் சரி, காரணமில்லாம வெளுத்துப்போனாலும் சரி. விரல் வெச்சுப் பாக்கற டாக்டர்கிட்ட போங்க. வெட்கப்பட்டீங்கன்னா உங்களைத்தான் தூக்கிப் போடணும், வெட்கத்தை இல்ல."

பந்தியே கையை நிறுத்தியது. சித்தப்பா ஓடிவந்தார். "சாப்பாட்டு நேரத்துல என்னம்மா இது! சம்பந்திங்க இருக்காங்க."

"அவங்களுக்கும் குடல் இருக்கு சித்தப்பா. ரசம் எங்கே?"

என் மனைவி வாளியை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். சம்பந்தி வீட்டார் முகம் எப்படியோ ஆயிற்று. எனக்கும் ஒரு கணம் கூச்சமாகத்தான் இருந்தது. பிறகு நான் மாதாமாதம் பேதி என்று எழுதித் தள்ளிய பெண்களை நினைத்தேன். வாளியை எடுத்துக்கொண்டு பந்திக்குள் போய்ச் சாம்பார் ஊற்றினேன்.

கை கழுவும் இடத்தில், முப்பத்தைந்து வயதிருக்கும், மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி, அக்காவுக்குத் தண்ணீர் ஊற்றும் சாக்கில் நெருங்கினாள். தலையில் நிறையப் பூ. முகம் மட்டும் சுண்ணாம்பு வெளுப்பு. அக்காவின் காதருகே ஏதோ சொன்னாள். அக்கா கையைத் துடைக்காமல் நின்று கேட்டாள். எவ்வளவு நாளாக என்று மட்டும் கேட்டாள். பதில் எனக்குக் கேட்கவில்லை.

அக்கா திரும்பி என்னைத் தேடினாள்.

"டேய், திங்கட்கிழமை லீவு போடு. பட்டணம் போகணும்."

"வேண்டாங்க, அவருக்குத் தெரிஞ்சா..." என்றாள் அந்தப் பெண், மண்டபத்தில் ஒரு நீலச் சட்டைக்காரரைத் திரும்பிப் பார்த்து.

"யாரு, உன் வூட்டுக்காரரா? இவர் பேசிக்குவாரு. இவருக்கு எல்லா ரூலும் தெரியும்," என்று அக்கா ஈரக்கையால் என்னைக் காட்டினாள். "போய் அவரைக் கூட்டிகிட்டு வாடா. நீலச் சட்டை."

நான் வாளியைக் கீழே வைத்துவிட்டு, ஆண்கள் பக்கம் நீலச் சட்டையைத் தேடிப் போனேன்.